அப்பீல் போட்டுக் காத்திருந்த 21 மாதம்

லண்டனில என்ர அகதி விண்ணப்பத்துக்கு ரிஜெக்ட் கடிதம் வந்தது 2023 மார்கழியில. 14 நாளுக்குள்ள அப்பீல் போடவேணும், 12ஆம் நாள் போட்டம். வழக்குக்குத் திகதி கிடைச்சது 2025 சித்திரையில.

2022 ஆனி 28க்கு முந்தின விண்ணப்பங்களை 2023க்குள்ள முடிப்பம் எண்டு ரிஷி சுனாக் அரசாங்கம் சொல்லி, முடிவுகள் மளமளவெண்டு வந்த காலம் அது. ரிஜெக்ட் ஆன ஆக்கள் கோட்டுக்குத்தானே போகவேணும்? 2023 தொடக்கத்தில 7,000 சொச்சமா இருந்த அகதி அப்பீல்கள் 2024 முடிவில கிட்டத்தட்ட 42,000. விண்ணப்பங்களை முடிவெடுக்கிற உள்துறை அமைச்சின்ர மேசையில கிடந்த கட்டு அப்பிடியே ஜட்ஜ்மாரின்ர மேசைக்கு வந்திட்டுது.

காத்திருக்கேக்க ஆதாரமும் பழசாகும். இலங்கைப் பொலிஸின்ர சீஐடி ஊரில வீட்டை வந்து விசாரிச்சதெண்டு அம்மா எழுதின கடிதம்தான் என்ர வழக்கின்ர உயிர். அம்மா 2024இல செத்துப்போனா. "இப்பவும் தேடுறாங்களோ, புதுக் கடிதம் இருக்கோ" எண்டு கேட்டால் நான் ஆரிட்டப் போறது?

முதல் திகதியில மொழிபெயர்க்க வந்தவருக்கு எங்கட பேச்சு பிடிபடேல்லை. ஜட்ஜ் ஒத்திவைச்சார். இன்னொரு அஞ்சு மாதம். படிவத்தில 'தமிழ்' எண்டு மட்டும் போடாமல் 'இலங்கைத் தமிழ்' எண்டு போடச் சொல்லுங்கோ.

—

அண்ணா, அம்மாவை நினைக்க மனம் கனக்குது.

என்ர கேஸ் ஜட்ஜ் வரைக்கும் போகேல்லை. லோயர் அக்கா வாதச் சுருக்கத்தை வடிவா எழுதினவ. அதைப் பார்த்துத் தங்கட முடிவைத் திருப்பி யோசிக்க அமைச்சுக்கு 14 நாள் இருக்கு. என்ர முடிவை அவை மீளப்பெற்று விசா தந்தவை. 2021இல மேல் தீர்ப்பாயம் குடுத்த 'கேகே அண்ட் ஆர்எஸ்' தீர்ப்புத்தான் எங்கட ஆக்களுக்கு முக்கியம். அதின்படி, இஞ்ச ஊர்வலத்தில நிண்ட படம் மட்டும் காணாது, அமைப்பில என்ன பொறுப்பு எடுத்துச் செய்தம் எண்டதைக் காட்டவேணும்.

—

தங்கச்சி, சந்தோசம். 24 கிழமைக்குள்ள அப்பீல் முடிக்கிறதைப் பற்றி அரசாங்கம் 2025 ஆவணியில அறிவிச்சது. கெதியா முடியவேணும் எண்டு என்னைவிட ஆர் கேக்கப்போகினம்? ஆனா அரசாங்கம் காசு குடுக்கிற சட்ட உதவியில லோயர் தேடவே மாதக்கணக்கா அலையிற பெடியளை எனக்குத் தெரியும். அவைக்கு டொக்டர் ரிப்போட் எடுக்கவே அந்த 24 கிழமை போயிடும்.

புரட்டாதியில என்ர விசாரணை முடிஞ்சு, போன கிழமை தீர்ப்பு வந்தது. வெண்டிட்டன். அம்மாவின்ர கடிதத்தை நம்புறதா ஜட்ஜ் 31ஆவது பந்தியில எழுதியிருக்கிறார்.