2 அங்குலமா, 3 அங்குலமா: நெல் லொறியின் இழுவை ஏன் குறைந்தது?

செங்கலடி நெல்லொறி:
அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 4ஜேபி1 எஞ்சின் பூட்டிய பழைய இசுசு எல்ஃப் லொறி, டர்போ (வெளியேறும் புகையால் சுழன்று எஞ்சினுக்குள் காற்றை அமுக்கும் கருவி) இல்லாதது. கரடியனாற்றுப் பக்கத்து வயல்களிலிருந்து நெல் ஏற்றுவதே அதன் வேலை. சைலன்சர் துருப்பிடித்து ஓட்டை விழுந்ததால் பெரும்போக அறுவடைக்கு முன்னர் ஒரு வெல்டிங் கடையில் கொடுத்தேன். எஞ்சின் நன்றாக மூச்சு விடும் என்று சொல்லி, 2 அங்குலப் புகைக் குழாய் இருந்த இடத்தில் 3 அங்குலக் குழாயைப் பூட்டித் தந்தார்கள். பின்பக்கத்து நான்கு டயர்களும் தேய்ந்திருந்தபடியால் அதே வாரம் அவற்றையும் மாற்றினேன், 7.00-16 இருந்த இடத்தில் இப்போது 7.50-16 ஓடுகிறது.

அறுவடை தொடங்கியதிலிருந்து ஒரே தொல்லை. வயலிலிருந்து குளக்கட்டுக்கு ஏறும் இடத்தில், முன்பு கிளச்சை மெல்ல விட்டாலே முதலாம் கியரில் ஏறிவிடும் லொறி, இப்போது குலுங்கி நின்றுவிடப் பார்க்கிறது. அக்சிலேட்டரை மிதித்து, கிளச்சைப் பாதியில் பிடித்துத்தான் ஏற்ற வேண்டியிருக்கிறது. மேலே போய்ச் சேரும்போது கிளச் கருகும் மணம் அடிக்கிறது. தார் வீதியில் வேகமாக ஓடும்போது எந்தக் குறையும் இல்லை. பெரிய குழாய்தான் இழுவையைக் கெடுத்ததா? பழைய குழாய் இன்னும் வீட்டில் கிடக்கிறது.

சம்மாந்துறை கராஜ்:
தம்பி, நீங்களே காரணத்தைச் சொல்லிவிட்டீர்கள். 2 அங்குலக் குழாயை 3 அங்குலமாக்கினால் குழாயின் வாய் ஒன்றரை மடங்குதான் பெருத்தது என்று பலர் நினைக்கிறார்கள். பரப்பளவைக் கணக்கிட்டால் அது 2.25 மடங்கு. எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது வெளியேறும் புகையே கொஞ்சம். அந்தக் கொஞ்சப் புகை அவ்வளவு அகலமான குழாய்க்குள் போனால் வேகம் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். ஓடுகின்ற புகைக்கு ஒரு உந்துவிசை உண்டு. முன்னால் போன புகை பின்னால் வருவதை இழுத்துச் செல்ல வேண்டும். அது சோம்பினால் சிலிண்டருக்குள் பழைய புகை தங்கி, புதுக் காற்றுக்கு இடம் குறையும். வேகமாக ஓடும்போது குறை தெரியவில்லை என்று நீங்கள் எழுதியிருப்பதும் இதற்குப் பொருந்துகிறது. பெற்றோல் வாகனங்கள் பலவற்றில் பெரிய குழாயைக் கழற்றி, கம்பனி அளவைத் திரும்பப் பூட்டி இந்தக் குறையை என் கையாலேயே தீர்த்திருக்கிறேன். பழைய குழாயை ஒட்டுப் போட்டுப் பூட்டுங்கள்.

வாழைச்சேனை மீன்லொறி:
என் அனுபவம் நேர்மாறானது. டர்போ பூட்டிய கன்டர் லொறியில் டர்போவுக்குப் பின்னால் வரும் குழாயைப் பெரிதாக்கினேன். ஐஸ் பெட்டி நிறைந்திருந்தாலும் இப்போது முன்னையைவிடச் சீக்கிரம் டர்போ பிடிக்கிறது. பெரிய குழாய் இழுவையைக் கெடுக்கும் என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது.

களுவாஞ்சிகுடி ஆசிரியர்:
தொழில்நுட்பக் கல்லூரியில் மோட்டார் இயந்திரவியல் கற்பிப்பவன் என்ற முறையில் இதில் தலையிடுகிறேன். மீன்லொறி நண்பர் கண்டதற்குக் காரணம், டர்போவின் சக்கரத்தைச் சுழற்றுவது அதன் முன்புறத்துக்கும் பின்புறத்துக்கும் இடையிலான அழுத்த வேறுபாடு என்பதே. பின்புறக் குழாய் பெருத்தால் அங்கே அழுத்தம் குறைந்து வேறுபாடு கூடுகிறது. எஞ்சினுக்கும் டர்போவுக்கும் இடையிலுள்ள பகுதியை அவர் பெருப்பித்திருந்தால் விளைவு தலைகீழாகியிருக்கும். நெல்லொறியில் டர்போ இல்லாதபடியால் அந்த அனுபவம் இங்கே உதவாது.

சம்மாந்துறை நண்பர் சொன்ன விளக்கம் பெற்றோல் எஞ்சினுக்குச் சரியானது. அதில் எனக்கு மறுப்பில்லை. உள்ளெடுப்பு வால்வும் வெளியேற்று வால்வும் சிறிது நேரம் சேர்ந்து திறந்திருக்கும் வேளையில்தான் வெளியேறும் புகை புதுக் காற்றை இழுக்கிறது. டீசல் எஞ்சினில் அந்த நேரம் மிகக் குறைவு, ஏனெனில் அமுக்கம் அதிகமாக இருக்க வேண்டும் என்பதற்காகப் பிஸ்டன் சிலிண்டர் தலைக்கு மிக நெருக்கமாக வந்து திரும்புகிறது; அப்போது இரண்டு வால்வும் அகலத் திறந்திருந்தால் பிஸ்டன் அவற்றில் மோதிவிடும். ஆகவே, குழாய் இழுத்துக் கொடுக்கும் உதவியை நம்பி இந்த எஞ்சின் அமைக்கப்படவில்லை.

கணக்கையும் பாருங்கள். 4ஜேபி1 எஞ்சினின் கொள்ளளவு 2771 கன சென்றிமீற்றர். நிமிடத்துக்கு 1200 சுற்றில் அது நிமிடத்துக்குச் சுமார் 1400 லீற்றர் காற்றை உள்ளெடுக்கும். சுமையுடன் இழுக்கும்போது அந்தக் காற்று சூடாகி ஏறத்தாழ 2.5 மடங்கு விரிந்து வெளியேறும் என்று வைத்துக்கொண்டால், 2 அங்குலக் குழாயில் புகையின் வேகம் வினாடிக்கு 30 மீற்றர், 3 அங்குலத்தில் 13 மீற்றர். வேகம் குறைகிறது என்பது உண்மைதான். ஆனால் 30 மீற்றர் வேகத்தில்கூடக் குழாயின் உராய்வினால் உண்டாகும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் நூற்றில் ஒரு பங்கைத் தாண்டாது. அதைக் குறைப்பதால் இலாபமும் இல்லை, பின்னழுத்தம் (குழாயில் புகைக்கு எதிராக நிற்கும் அழுத்தம்) போய்விட்டது என்று கவலைப்படவும் காரணமில்லை. 3000 சுற்றில் அந்த அழுத்தம் 6 மடங்கு வரை ஏறும். பெரிய குழாய் ஏதாவது உதவி செய்தால் அங்கேதான் செய்யும்.

நெல்லொறித் தம்பி, நீங்கள் போகிற போக்கில் சொன்ன டயரைத்தான் நான் சந்தேகிக்கிறேன். 7.50-16 டயர் 7.00-16 டயரைவிடச் சுமார் 4 வீதம் உயரமானது. எஞ்சின் கொடுக்கும் அதே முறுக்குவிசை, தரையை அடையும்போது 4 வீதம் குறைந்த இழுவிசையாகிறது. இன்னொன்றும் கேட்க வேண்டும்: சென்ற போகத்தில் நீங்கள் ஏற்றியது காய்ந்த நெல்லா, இப்போது ஏற்றுவது இயந்திரம் வெட்டிய கையோடு மூட்டை கட்டிய ஈர நெல்லா?

சம்மாந்துறை கராஜ்:
சேர், வால்வு பற்றிய விளக்கத்தை ஏற்றுக்கொள்கிறேன். டீசலில் பாதிப்புக் குறைவு என்பதையும் ஏற்கிறேன். ஆனால் நூற்றில் 4 பங்கை ஒரு சாரதியின் கால் உணருமா? டயர் மாற்றிக்கொண்டு போனவர் எவரும் திரும்பி வந்து என்னிடம் முறையிட்டதில்லை. குழாய் மாற்றியவர்கள் வந்திருக்கிறார்கள். கணக்கில் வராத ஏதோ ஒன்று அங்கே இருக்கிறது.

களுவாஞ்சிகுடி ஆசிரியர்:
சமதரையில் உணராது. நிற்கும் நிலையிலிருந்து, முழுச் சுமையுடன், ஏற்றத்தில் கிளம்பும்போது எஞ்சின் தன் எல்லையில் நிற்கிறது. அந்த இடத்தில் 4 வீதம் என்பது ஏறுவதற்கும் நிற்பதற்கும் இடையிலான தூரம். குழாய் மாற்றியவர்கள் முறையிடுவதற்கு ஒலியும் ஒரு காரணமாகலாம். குழாய் பெருத்தால் இரைச்சல் தடிக்கிறது, எஞ்சின் திணறுவதாகக் காதுக்குப் படுகிறது. நீங்கள் பொய் சொல்வதாக நான் கருதவில்லை. இரண்டையும் ஒன்றாக மாற்றினால் எது காரணம் என்று யாராலும் சொல்ல முடியாது என்பதே என் வாதம். பழைய குழாய் வீட்டில் கிடக்கிறது என்கிறார். ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கட்டும்.

செங்கலடி நெல்லொறி:
சேர் கேட்டது சரி. இந்த முறை எல்லாம் ஈர நெல். மூட்டையின் எண்ணிக்கையை வைத்தே சுமையைக் கணித்துக்கொண்டிருந்தேன், நிறையை நினைக்கவில்லை.

நேற்று வேலை இல்லாத நாள். லொறியில் 40 மூட்டை மணலை ஏற்றிக் குளக்கட்டின் அடியில் நிறுத்தினேன். தம்பி கீழே உள்ள மதகிலிருந்து மேலேயுள்ள மருதமரம் வரை தொலைபேசியில் நேரம் பிடித்தான். 3 அங்குலக் குழாயுடன் மூன்று தடவை: 21, 20, 21 வினாடி. பழைய குழாயின் ஓட்டையை ஒட்டிப் பூட்டிய பிறகு: 20, 21, 21. இரைச்சல் குறைந்தது, ஏற்றம் மாறவில்லை. கிளச்சை அதேபோலப் பிடிக்க வேண்டியிருந்தது. பின்னர் பழைய டயர்களைப் போட்டேன். முதல் தடவையே கிளச்சை விட்டதும் குலுக்கமின்றி ஏறியது, 18 வினாடி. அடுத்த இரண்டும் 18, 19. கராஜ் காக்கா கோபிக்க வேண்டாம், நானும் குழாய்தான் என்று நம்பியே தொடங்கினேன்.

சம்மாந்துறை கராஜ்:
கோபம் எதற்கு, தம்பி? மூன்று தடவை ஏற்றிப் பார்த்தீர்களே, அதுதான் வேலை. இந்த லொறியைப் பொறுத்தவரை என் பேச்சு பிழைத்துவிட்டது. பெற்றோல் வாகனத்தில் கம்பனி அளவைக் கைவிடமாட்டேன்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். 3 அங்குலக் குழாயைத் திரும்பப் பூட்டுவதாக இருந்தால் அதன் பாரம் பழையதைவிட அதிகம். கடைக்காரர் பழைய தொங்கு ரப்பர்களிலேயே அதை மாட்டியிருப்பார். வயல்பாதைக் குலுக்கத்தில் அவை அறுந்தால் பாரம் முழுவதும் மேனிபோல்டின் (எஞ்சினிலிருந்து புகையைச் சேர்த்துக் குழாய்க்கு அனுப்பும் பாகம்) வாயில் விழுந்து அங்கே வெடிப்பு உண்டாகும். லொறிக்குக் கீழே படுத்து, நடுவில் உள்ள ரப்பரைக் கையால் இழுத்துப் பாருங்கள். வெடிப்புத் தெரிந்தால் கியர் பெட்டிக்குப் பின்னால் இன்னொரு தாங்கியும் அடித்துக்கொள்ளுங்கள்.

செங்கலடி நெல்லொறி:
இழுத்துப் பார்த்தேன், காக்கா. ஒன்று பாதி அறுந்துதான் இருக்கிறது. பழைய குழாயே இருக்கட்டும்; அறுவடை முடியும்வரை பழைய டயர்களுடன் ஓட்டுகிறேன்.