பழைய செங்கல் சுவரில் ஓதம்: பெயிண்ட் நிற்கவில்லை

கேள்வி: சுண்ணாம்புக் காரையில் கட்டிய ஓட்டு வீடு. உள்சுவரில் 3 அடி வரை ஓதம், உப்பு பூக்கிறது. சிமெண்ட் பூசி வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் அடித்தும் பொரிந்து உதிர்கிறது. வெளியே சிமெண்ட் தளம். என்ன செய்யலாம்?

பதில் 1: முதலில் வெளியே பாருங்க சார். தளத்து வாட்டம் சுவர்ப்பக்கம் இருந்தால் உள்ளே எது பூசினாலும் வீண். 4 அடிக்கு 1 அங்குலம் வெளிப்பக்கமாகச் சரியணும். தளம் வீட்டுத் தரைக்கு 6 அங்குலமாவது கீழே இருக்கணும். கூரைத்தண்ணி சுவரடியில் விழுதா? கூரை விளிம்பில் தண்ணி பிடிக்கத் தகர வாய்க்கால் வைத்து, பைப்பில் தள்ளிக் கொண்டுபோங்க.

பதில் 2: அதோடு அந்த சிமெண்ட் பூச்சும் போகணும். அது ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும். ஓதம் இன்னும் மேலே ஏறும். ஈரக்கோட்டுக்கு 1 அடி மேல்வரை கொத்தி எடுங்க. உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து எடுங்க, கழுவினால் திரும்ப உள்ளே இறங்கும். ஒரு கோடை முழுக்கக் காயவிட்டு, 1 பங்கு சுண்ணாம்பு, 3 பங்கு ஆற்றுமணலில் பூசுங்க. மேலே வெள்ளையடித்தால் போதும், பட்டி வேண்டாம்.

பதில் 3: இதற்குப் பிறகும் ஓதம் ஏறினால் மட்டும் சிலேன் கிரீம் ஊசி, அதாவது சுவரடியில் துளை போட்டு, ஈரம் ஏறாமல் தடுக்கும் ரசாயனப் பசையைச் செலுத்துவது. 12 மி.மீ. துளை, 12 செ.மீ. இடைவெளி, செங்கலில் இல்லை, காரை இணைப்பில். 9 அங்குலச் சுவருக்கு 8 அங்குல ஆழம்.