வலைக் கம்பெனியை விட்டு விலகினால் ஈராண்டுத் தடை செல்லுமா?

கேள்வி (நாகர்கோவில்)

மீன்பிடி வலை தயாரிக்கும் நிறுவனமொன்றில் விற்பனைப் பிரதிநிதியாக இருக்கிறேன். குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பகுதி வலைக் கடைகளும் விசைப்படகு உரிமையாளர்களும் என் பொறுப்பு. இதே தொழிலில் உள்ள மற்றொரு நிறுவனம் அடுத்த மாதமே வந்து சேரச் சொல்கிறது. என் பணி ஒப்பந்தத்திலோ மூன்று மாத நோட்டீஸும், விலகியபின் இரண்டு ஆண்டுகளுக்குக் கன்னியாகுமரி, திருவனந்தபுரம் மாவட்டங்களில் எந்த வலை நிறுவனத்திலும் சேரக் கூடாது என்ற நிபந்தனையும் உள்ளன. கையெழுத்துப் போட்டுவிட்டதால் இரண்டுக்கும் கட்டுப்பட்டே ஆக வேண்டுமா?

மறுமொழி 1

இரண்டாவதற்கு அஞ்ச வேண்டாம். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 27ஆம் பிரிவின்படி, ஒருவர் சட்டப்படியான தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது. தம் வணிகத்தின் நற்பெயரைச் சேர்த்து விற்றவருக்கு மட்டுமே அதில் விதிவிலக்கு உண்டு, சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் அதில் வரமாட்டார். ஆனால், வேலையில் இருக்கும் காலத்துக்குள் போட்டி நிறுவனத்துக்கு உழைக்கக் கூடாது என்ற நிபந்தனை செல்லும் என்று 1967இல் கோலிகரி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. நோட்டீஸ் காலமும் வேலைக்காலமே. ஆகவே கடைசி நாள் வரை புதிய நிறுவனத்துக்காக ஓர் ஆர்டர்கூடப் பிடிக்காதீர்கள்.

மறுமொழி 2

நோட்டீஸ் விஷயம் அவ்வளவு எளிதன்று. உங்களை வலுக்கட்டாயமாக வேலை பார்க்க வைக்க எந்த நீதிமன்றமும் உத்தரவிடாது என்றாலும், நோட்டீஸில் குறையும் நாள்களுக்கான சம்பளத்தை நிறுவனம் கேட்கலாம். "அல்லது அதற்கு ஈடான சம்பளம்" என்ற சொற்கள் ஒப்பந்தத்தில் உள்ளனவா என்று முதலில் பாருங்கள். இருந்தால், பணம் கட்டி விலகும் வழி திறந்தே இருக்கிறது, அத்தொகையைப் புதிய நிறுவனமே ஏற்குமா என்றும் கேட்டுப் பார்க்கலாம். அளவுக்கு மீறிய தொகையை எழுதி வைத்திருந்தாலும், அதே ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி அது உச்சவரம்புதான். நியாயமான இழப்பீடே கிடைக்கும். ராஜினாமாவை வாயால் சொல்லாமல் மின்னஞ்சலில் தேதியோடு அனுப்புங்கள்.

மறுமொழி 3

தம்பி, மேலே சொன்னவை சரியே. இத்தொழிலில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்கிறேன். எந்தப் படகுக்கு என்ன கண்ணி அளவு, எவ்வளவு கடன், என்ன தள்ளுபடி என்று எழுதிய பட்டியல் நிறுவனத்தின் சொத்து. அதைப் போனில் எடுத்துக்கொண்டு போனால், 27ஆம் பிரிவு உங்களுக்குத் துணை நிற்காது. ரகசியத்தை வெளியிட்டதற்காக வேறு வழக்கு வரும். முட்டத்துக் கடைக்காரர் உங்கள் முகத்துக்காகவே தேடி வந்து வாங்கினால், அதை யாரும் தடுக்க முடியாது. பட்டியலையும் கடன் புத்தகத்தையும் ஒப்படைத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கிய பிறகே பணி விடுவிப்புக் கடிதம் கேளுங்கள்.