வி-நாட்ச்சில் தினமும் 12 மி.மீ ஏற்ற இறக்கம்: நிஜமா, கருவிக் கோளாறா?

வணக்கம். நீலகிரிக் காப்புக்காட்டுக்குள், சுமார் 2,200 மீ உயரத்தில் ஒரு சோலை ஓடை. 90 டிகிரி வி-நாட்ச் தகடு (V வடிவ வெட்டுள்ள தடுப்புத் தகடு; வெட்டில் நிற்கும் நீரின் உயரத்திலிருந்து ஓட்டம் கணக்கிடலாம்) வைத்து ஓட்டம் அளக்கிறோம். பிப்ரவரியிலிருந்து மழையே இல்லை. ஆனாலும் நீர்மட்டம் காலை 6 மணிக்கு உச்சம், மாலை 4 மணிக்குப் பள்ளம் என்றே பதிவாகிறது. வித்தியாசம் 12 மி.மீ. கேட்கச் சின்னதுதான், நாட்ச்சில் 11 செ.மீ தண்ணீர் மட்டும் நிற்கும்போது ஓட்டக் கணக்கில் கால்பங்கு போய்விடுகிறது.

லாகர் (நீர்மட்டத்தைத் தானாகப் பதியும் கருவி) காற்றுக்குழாய் இல்லாத அழுத்த வகை, அதாவது நீரழுத்தத்தோடு காற்றழுத்தமும் சேர்ந்தே பதிவாகும்; 4 மீ வரம்பு, 15 நிமிட இடைவெளி. கழிக்க வேண்டிய காற்றழுத்தத்துக்குத் தனி லாகர். அது முதலில் வெயில்படும் பாறைமேல் இரும்புப் பெட்டியில் இருந்தது, அப்போது ஆட்டம் 3 செ.மீ. நீர்மட்ட லாகர் இருக்கும் குழாயின் மேல்பாகத்தில் நிழலில் தொங்கவிட்டதும் 12 மி.மீ ஆனது, அதற்குமேல் குறையவில்லை. இரண்டின் கடிகாரமும் ஒத்துப்போகிறது. நீர்மட்ட லாகரை வாளியில் 30 செ.மீ ஆழத்திலும் மற்றதைப் பக்கத்திலும் ஒரு நாள் வைத்ததில் 3 மி.மீ தான் ஆடியது.

அளவுப்பலகையில் 1 செ.மீ கோடுகள்தான். யானை நடமாட்டத்தால் இரவு தங்க அனுமதியும் இல்லை.

அதிகாலை நேரடி அளவீடு இல்லாமல், இது கரையோர மரங்கள் பகலில் உறிஞ்சுவதால் வரும் இறக்கமா, லாகரின் வெப்பப் பிழையா என்று பிரித்தறிய என்ன சோதனை செய்யலாம்?