சீன மருந்து அலமாரி: காலம் கணிக்கவும் பழுது பார்க்கவும் ஆலோசனை தேவை

வணக்கம். வட சீன மருந்துக்கடை அலமாரி, எல்ம் மரம். 7 வரிசை, வரிசைக்கு 7 இழுப்பறை. ஒவ்வொன்றின் உள்ளும் மூன்று தடுப்பறை, முகப்பில் மூன்று மூலிகைப் பெயர்.

குழப்பம் காலத்தில்தான். சட்டகத்தில் ஆணியே இல்லை, எல்லாம் துளையும் கழுந்தும் (ஒரு கட்டையின் நுனியை மற்றொன்றின் துளையில் செருகும் மூட்டு). ஆனால் சில இழுப்பறைகளின் பின்பலகையில் உருண்டைக் கம்பி ஆணி, இயந்திரத்தில் செய்யும் பிற்கால வகை. வேறு அலமாரியிலிருந்து வந்தவையா, பிறகு பழுது பார்த்ததா? எழுத்தை வைத்துப் பார்த்தால், அதிமதுரத்தின் பெயர் சீன எழுத்தின் பழைய, புதிய (எளிதாக்கிய) முறை இரண்டிலும் ஒன்றுதான், உதவாது. 'டாங்குய்' என்ற மூலிகையின் பெயர் மேல் வரிசையில் பழைய வடிவத்தில் இருக்கிறது, கீழே எளிய வடிவத்தில். எளிய எழுத்து அரசு முறையானது 1956-இல். கையெழுத்தில் சில வடிவங்கள் முன்பே புழங்கியதால் இதை மட்டும் நம்ப முடியவில்லை.

பஞ்சில் ஆல்கஹால் தொட்டு மறைவான மூலையில் தேய்த்தால், சட்டகத்தில் ஒன்றும் வரவில்லை. முகப்புகளில் பழுப்பாகக் கரைகிறது. அப்படியானால் அது பிற்கால ஷெல்லாக் (அரக்கு மெருகு) பூச்சாக இருக்கலாம். அதை எடுக்கும்போது கீழே உள்ள மையும் போய்விடுமோ என்பதுதான் பயம். அதனால் ஈரத்துணியே வைக்கவில்லை.

தடுப்பறைகளின் மூலையில் செம்மஞ்சள் தூள். பழைய மருந்துகளில் சேர்த்த ஜாதிலிங்கமோ மனோசிலையோ என்றால் முறையே பாதரசம், ஆர்சனிக் என்ற நச்சுகள் இருக்கும். அதனால் ஊதவில்லை, உப்புத்தாள் போடவில்லை. கையுறை, என்-95 முகமூடியோடுதான் தொடுவது.

மையை இழக்காமல் ஷெல்லாக்கை மட்டும் எடுத்தவர்கள் எந்தக் கரைப்பான், எந்த அளவு என்று சொல்லுங்கள். ஆணியின் நெருக்கப்படம் வேண்டுமென்றால் போடுகிறேன்.