டீவியில் போட்டால் மட்டும் சொதப்பும் கல்யாண டிவிடி: உங்களுக்கு என்ன நடந்தது?

நெல்லைக்காரன்

பழைய கேசட்டுகளை டிவிடியில் ஏற்றும் வேலையில் இறங்கியவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். படம் சரியாக வரவில்லை என்றால் எல்லோரும் முதலில் திட்டுவது டிஸ்க்கைத்தான். நான் பார்த்தவரை பெரும்பாலும் டிஸ்க் ஒரு பாவமும் செய்திருக்காது.

சித்தி மகன் கல்யாணம் மினி டிவி (MiniDV) கேசட்டில் எடுத்தது. ஃபயர்வயர் கேபிள் போட்டு கம்ப்யூட்டரில் இறக்கி டிவிடியாக்கினேன். கம்ப்யூட்டரில் பளிச்சென்று இருக்கிறது. வீட்டு பிளேயரில் போட்டால், மேடையில் உட்கார்ந்திருப்பவர்கள் தெளிவாகத் தெரிகிறார்கள். மாப்பிள்ளை அழைப்பில் ஆட்கள் நடக்க ஆரம்பித்ததும் படம் உதறுகிறது. நாதஸ்வரக்காரர் சட்டென்று திரும்பினால் அவர் கையில் இரண்டு நாதஸ்வரம்! வேறு கம்பெனி டிஸ்க் வாங்கினேன், வேகத்தைக் குறைத்து எழுதினேன், பக்கத்து வீட்டு பிளேயரில் போட்டுப் பார்த்தேன். எங்கே போட்டாலும் அதே இடத்தில் அதே உதறல். அப்படியென்றால் கோளாறு ஃபைலுக்குள்ளேதானே இருக்க வேண்டும்?

இருந்தது. ஃபீல்டு வரிசை. பழைய டீவிக்கான வீடியோவில் ஒரு ஃபிரேம் என்பது இரண்டு பாதி, ஒவ்வொரு பாதியும் ஒரு ஃபீல்டு: ஒன்று விட்டு ஒன்றாக வரும் வரிகள் ஒரு பாதி, மீதி வரிகள் இன்னொரு பாதி. நம் ஊர் டீவியின் பால் (PAL) முறையில் நொடிக்கு 25 ஃபிரேம், அதாவது 50 பாதி. மினி டிவி கேசட்டில் கீழ் ஃபீல்டு முதலில் வரும். என்னிடம் இருந்த மென்பொருளின் டிவிடி டெம்ப்ளேட்டிலோ மேல் ஃபீல்டு முதலில் என்று போட்டிருந்தது. பின்னால் வர வேண்டிய பாதி முன்னால் வந்துவிட்டதால், நடக்கிற ஆள் முன்னே போய்ப் பின்னே வந்து மறுபடி முன்னே போகிறார். கம்ப்யூட்டர் திரையில் இரண்டு பாதியும் ஒன்றாகவே காட்டப்படுவதால் அங்கே இது பிடிபடவில்லை. அந்த ஒரு செட்டிங்கை மாற்றி மறுபடி என்கோட் செய்ததும் (டிவிடி வடிவத்துக்குச் சுருக்கியதும்) ஊர்வலம் ஒழுங்காக நகர்ந்தது.

ஸ்டுடியோ மாமா

தம்பி சொன்னது சரி. கல்யாண வீடியோ எடிட்டிங்கில் காலம் தள்ளியவன் நான். எங்கள் தலைவலி வேறு மாதிரி.

“நிச்சயதார்த்தத்திலிருந்து மறுவீடு வரைக்கும் ஒரே டிஸ்க்கில் வேணும், நடுவில் எழுந்து யார் மாத்திக்கிட்டு இருக்கிறது” என்பார்கள் வீட்டுக்காரர்கள். டிஸ்க்கில் 4.7 ஜிபி என்று போட்டிருக்கும், கம்ப்யூட்டர் அதையே 4.38 என்று காட்டும். அதில் ஒரு மணி நேரப் படம் என்றால் நொடிக்கு 8 மெகாபிட் தாராளமாகக் கொடுக்கலாம். இரண்டு மணி நேரம் என்றால் 5. மூன்று மணி நேரத்தைத் திணித்தால் 3க்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான்.

திணித்த டிஸ்க்கில் முதலில் கெடுவது எந்த இடம் தெரியுமா? தாலி கட்டும் இடம். டிவிடி படத்தைச் சுருக்கும் எம்பெக் முறையில் ஒவ்வொரு ஃபிரேமும் முழுசாகப் பதிவாவதில்லை. முந்தின படத்திலிருந்து எது மாறியதோ அதுதான் பெரும்பாலும் பதிவாகும். ஐயர் மந்திரம் சொல்லும்போது மாறுவது அவர் உதடும் கையும்தான். கெட்டிமேளம் என்று சொன்னதும் என்ன ஆகிறது? நாலு பக்கமும் அட்சதை பறக்கிறது, பூ விழுகிறது, ஃபிளாஷ் மின்னுகிறது, ஓமப் புகை எழும்புகிறது, பின்னால் சீரியல் பல்பு ஓடுகிறது, கேமராக்காரரை யாரோ இடிக்கிறார்கள். திரையில் மாறாத புள்ளியே இல்லை. அத்தனையையும் எழுத 3 மெகாபிட் எப்படிப் போதும்? மணப்பெண் முகம் சதுரம் சதுரமாகக் கரைந்து, சில நொடி கழித்துத்தான் மறுபடி சேரும். வீட்டுக்காரர் டிஸ்க்கைத் தூக்கிக்கொண்டு வந்து, “தாலி கட்டுற இடத்துல டிஸ்க் போயிருக்கு, வேற போட்டுக் குடுங்க” என்பார்.

வேறு போட்டாலும் அதேதான் வரும். இதற்கு ஒரு சுலபமான சோதனை உண்டு. டிஸ்க்கில் இருக்கும் வீடியோ டிஎஸ் ஃபோல்டரை அப்படியே ஹார்ட் டிஸ்க்குக்குக் காப்பி செய்து விஎல்சி என்ற வீடியோ மென்பொருளில் ஓட்டுங்கள். தடையில்லாமல் காப்பி ஆகி, அதே இடத்தில் அதே சதுரம் தெரிந்தால் என்கோடிங் தப்பு. காப்பி ஆகும்போதே இழுத்து இழுத்து நின்றால் டிஸ்க் தப்பு.

நான் செய்தது: டூ-பாஸ் விபிஆரில், அதாவது இடத்துக்குத் தக்கபடி மெகாபிட்டைக் கூட்டிக் குறைத்து இரண்டு ஓட்டமாக, என்கோட் செய்வது. முதல் ஓட்டத்தில் எங்கே அதிகம் தேவை என்று அளந்துகொண்டு, இரண்டாவதில் மந்திரத்திடமிருந்து பிடுங்கிக் கெட்டிமேளத்துக்குக் கொடுக்கும். அதற்கும் மேல் நீளம் என்றால் 720க்கு 576 புள்ளி வேண்டாம், 352க்கு 576 போதும். டிவிடி விதி அதையும் ஏற்கிறது. கொஞ்சம் மழுங்கும், ஆனால் உடையாது. முகூர்த்தம் ஒரு டிஸ்க், ரிசப்ஷன் ஒரு டிஸ்க் என்று சம்மதித்த வீட்டில் இந்தப் பாடே இல்லை.

அளவுக்கு மீறிக் கொடுத்தாலும் ஆபத்துதான். டிவிடியில் படம், ஒலி எல்லாம் சேர்த்து 10.08 மெகாபிட்தான் உச்சம். படத்துக்கு 9 கொடுத்து ஒலியைச் சுருக்காமல் பிசிஎம்மில் விட்டால் அதற்கு ஒன்றரை போய்விடும், கூட்டிப் பாருங்கள். ரிசப்ஷன் டான்ஸில் பிளேயர் திணறுவது இதனால்தான். நான் ஒலியை ஏசி3 என்ற சுருக்க வடிவம் ஆக்கிவிட்டு, படத்தை 8க்கு மேல் விடுவதில்லை.

ரிச்சி தெரு வாசி

மாமா, டிஸ்க் மேலும் கொஞ்சம் பழி உண்டு. பெயரே இல்லாத டிஸ்க்கை 50 அடுக்கு உருளையாக மலிவாக வாங்கினேன். முதல் ஒரு மணி நேரம் படம் அருமை, கடைசி அரை மணி நேரத்தில் நிற்கும், தாவும், மறுபடி நிற்கும். லேப்டாப் எப்படியோ படித்துவிடும். ஹாலில் உள்ள பிளேயர் ஒத்துக்கொள்ளாது.

டிவிடி நடுவிலிருந்து விளிம்பை நோக்கி எழுதப்படுகிறது. மலிவு டிஸ்க்கில் விளிம்புப் பக்கம், லேசர் பதிவு செய்யும் சாயம் சீராகப் படிந்திருக்காது. போதாக்குறைக்குச் சுற்றும்போது ஆட்டமும் அங்கேதான் அதிகம். நீரோ டிஸ்க்ஸ்பீடில் தரச் சோதனை ஓட்டிப் பார்த்தேன். டிஸ்க்கைப் படிக்கும்போது வரும் பிழைகளைக் காட்டும் பிஐ பிழைக் கோடு 3.5 ஜிபி வரை தரையோடு கிடந்தது. அப்புறம் 280 என்ற வரம்பைத் தாண்டி மேலே ஏறியது. அதே உருளையில் 3.5 ஜிபிக்குள் நிறுத்தி எழுதிய டிஸ்க்குகள் ஒழுங்காக ஓடின. மீதி உருளையை அப்படித்தான் தீர்த்தேன்.

வேகம் பற்றி ஒரு வார்த்தை. 16x டிஸ்க்கை 8xஇல் எழுதுவது எனக்கு நன்றாக வந்தது. மெதுவாக எழுதினால் நல்லது என்று 2xஐத் தேடி அலைய வேண்டாம்; அந்தச் சாயம் வேகமாக எழுதுவதற்கென்றே செய்தது. அப்புறம் மணமக்கள் படம் போட்ட காகித ஸ்டிக்கர். அழகுதான், ஆனால் பிளேயர் சூட்டில் ஓரம் சுருண்டு டிஸ்க்கின் சமநிலையே போய்விடுகிறது. நேரடியாக அச்சடிக்கும் வெள்ளை மேல்பரப்பு டிஸ்க் வாங்குங்கள்.

கோவை அக்கா

நீங்கள் எல்லோரும் பிளேயரை விட்டுவிட்டீர்களே? எங்கள் பாட்டி வீட்டில் நான் எழுதிக்கொடுத்த டிஸ்க் எதுவுமே ஓடவில்லை. கடையில் காசு கொடுத்து வாங்கிய சினிமா டிஸ்க்கைப் போட்டேன், அதுவும் பாதியில் நின்றது. அப்புறம் எதற்கு என்கோடிங்கையும் டிஸ்க்கையும் நோண்ட வேண்டும்? பிளேயர் இருந்தது பூஜை அலமாரிக்குக் கீழே. மெக்கானிக் மூடியைத் திறந்து லென்ஸைக் காட்டினார். ஊதுபத்திப் புகையும் தூசியும் படிந்து மங்கிக் கிடந்தது. பஞ்சுக் குச்சியில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டு ஒரு துடைப்பு. அன்றைக்கே எல்லாம் ஓடியது.

அழித்து எழுதும் ஆர்டபிள்யூ டிஸ்க் மட்டும் அடம்பிடித்தது. அச்சடித்த ஒற்றை அடுக்கு டிவிடியும் சாதாரண டிவிடி-ஆரும் லேசர் ஒளியில் 45 சதவீதமாவது திருப்பி அனுப்பும். ஆர்டபிள்யூ 18 முதல் 30 சதவீதம்தான் அனுப்பும். வயசான லேசருக்கு அது கண்ணுக்கே தெரியாது. அழித்து எழுதும் டிஸ்க்கை நாம் சோதனைக்கு வைத்துக்கொள்வோம், பெரியவர்களுக்குக் கொடுக்க வேண்டாம்.

ரொறன்ரோ தமிழன்

அக்கா, எங்கட வீட்டுக் கதை இது. மகளின் பிறந்தநாள் டிவிடியை யாழ்ப்பாணத்தில் இருக்கும் அம்மாவுக்கு அனுப்பினோம். ரிவியில் படம் கறுப்பு வெள்ளையாக மேலும் கீழும் உருளுது என்று ஃபோன் வந்தது. இங்கே ரிவி முறை என்டிஎஸ்சி, அங்கே பால். டிஸ்க்கில் ஒரு பிழையும் இல்லை. பிளேயர் மெனுவில் டீவி வகை ஆட்டோ என்று இருந்ததைத் தம்பி பால் என்று மாற்றினான், நிறம் வந்துவிட்டது.

அதற்குப் பிறகு மற்றச் சொந்தக்காரருக்காக நானே பாலுக்கு மாற்றி ஒரு டிஸ்க் எழுதினேன். நொடிக்கு 29.97 ஃபிரேமை 25 ஆக்கினால் கிட்டத்தட்ட ஐந்து ஃபிரேம் போக வேண்டும், கேமரா பக்கவாட்டில் திரும்பும் இடமெல்லாம் படம் இடறியது. அங்குள்ள பிளேயரும் ரிவியும் என்டிஎஸ்சியை ஏற்குமென்றால் மாற்றாமல் அனுப்புவதே மேல்.

புதிதாக வந்தவன்

மாமா, எங்கள் அக்கா கல்யாணம் 2001இல் நடந்தது, விசிடியில்தான் இருக்கிறது. அதை டிவிடியாக மாற்றினால் தெளிவு கூடுமா? ஒரு டிஸ்க்கில் நடுவே பச்சைச் சதுரங்கள் வேறு.

ஸ்டுடியோ மாமா

கூடாது தம்பி. விசிடி 352க்கு 288 புள்ளி, படத்துக்கு 1150 கிலோபிட். இல்லாததை எந்த மென்பொருளும் கொண்டுவராது. இன்னொரு தடவை என்கோட் செய்தால் இருப்பதும் கொஞ்சம் போகும். எம்பெக்ஏவி ஃபோல்டரில் டிஏடி என்று முடியும் பெரிய ஃபைல் இருக்கும். அதைக் காப்பி செய்து, பெயரின் முடிவை எம்பிஜி என்று மாற்றிப் பென்டிரைவில் போட்டு வையுங்கள்.

பச்சைச் சதுரம் கீறலாக இருக்கலாம். விசிடியில் ஒரு செக்டருக்கு 2048 பைட்டுக்குப் பதில் 2324 பைட் எழுதுவார்கள். பிழை திருத்தத்துக்கான இடத்தையும் படத்துக்கே கொடுத்துவிட்டதால் சின்னக் கீறலும் திரையில் தெரியும். டிஸ்க்கை மெல்லிய துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடையுங்கள், வட்டமாகத் தேய்க்காதீர்கள். சாதாரணக் காப்பி பாதியில் நின்றால் கெட்ட டிஸ்க்கைப் படிக்கும் ஐசோபஸ்டர் மென்பொருளில் முயன்று பாருங்கள். ஒரு டிரைவ் படிக்காததை இன்னொன்று படிக்கும், அதனால் நண்பர்கள் வீட்டுப் பழைய கம்ப்யூட்டர்களையும் விடாதீர்கள். மேல்பக்கத்தில் பால்பாயின்ட் பேனாவால் யாராவது அழுத்திப் பெயர் எழுதியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். சிடியில் பதிவு இருப்பது அந்த மேல்பூச்சுக்கு நேர் கீழேதான்.