நைதரசனிறக்கம்: தோட்டக்காரருக்குப் புரியும் சொல் உண்டா?

சுன்னாகம்:
அன்பின் கலைச்சொல் குழு நண்பர்களுக்கு, யாழ்ப்பாணத்து வலிகாமம் பகுதி வெங்காயத் தோட்டக்காரருக்கு ஒரு கையேடு எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. யூரியாவிலும் மலக்குழியிலும் இருந்து வரும் நைத்திரேற்று (நைட்ரேட்), சுண்ணக்கல் வெடிப்புகளூடாகக் கிணற்றில் சேர்கிறது. லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற உலக சுகாதார நிறுவன அளவைப் பல கிணறுகள் தாண்டியிருக்கின்றன. ஒட்சிசன் இல்லாத இடத்தில் சில பற்றீரியாக்கள் நைத்திரேற்றைச் சுவாசித்து, நைதரசன் (நைட்ரஜன்) வாயுவாக வெளியே விடும். எங்கள் பாடநூலில் இது ‘நைதரசனிறக்கம்’. வாசித்துக் காட்டியபோது ஒருவர், “அதுதானே எங்கட கிணத்துக்கை இறங்குது” என்றார். நேரெதிர்ப் பொருள்!

மதுரை:
நைட்ரேட் நீக்கம். முடிந்தது.

தஞ்சாவூர்:
எங்கே முடிந்தது? நீங்கல் ஐந்தாம் வேற்றுமைப் பொருள். அதற்கு இலக்கணம் காட்டும் ‘மலையின் வீழருவி’யும் கீழேதான் விழுகிறது, அப்போதும் இறங்குவதாகவே படும். தவிர, நைட்ரஜனுக்கு வெடியுப்பிலிருந்து பிறந்த ‘வெடியம்’ இருக்க நைட்ரேட் எதற்கு? வெடில் என்றால் நாற்றம். வெடுக்கு, வெறி எல்லாம் ஒரே வேர் என்பேன். ஆகவே ‘வெடிய வளியாக்கம்’.

சுன்னாகம்:
ஐயா, எங்கள் ஊரில் வெடுக்கு என்றால் மீன் நாற்றம். நைதரசனுக்கு மணமே கிடையாது.

கோவை:
நைட்ரஜனுக்கு உழவர் சொல் ‘தழைச்சத்து’. ‘தழைச்சத்து ஆவியாதல்’ எனலாமே?

மதுரை:
கூடாது. யூரியா அமோனியாவாகப் பறப்பதைத்தான் ஆவியாதல் என்கிறோம், அது வேறு வினை. அப்புறம், தண்ணீரில் சத்து என்றால் நல்லதுதானே என்று குடித்துவிடுவார்கள்.

சுன்னாகம்:
அதே வில்லங்கம் ‘நற்போசணையாக்கத்திலும்’ உண்டு. கடலேரியில் பாசி மண்டி, மூச்சுக்காற்று தீர்ந்து மீன் சாகிறது, பெயரில் மட்டும் ‘நல்’.

கோவை:
அதைத் தனி இழையில் பேசுவோம். அமெரிக்காவின் அயோவாவில் வயல் வடிநீரை மரச்சீவல் நிரப்பிய அகழி வழியே விடுகிறார்கள். சீவலின் கரிமம் அந்த பாக்டீரியாக்களுக்குத் தீனி. படம் போட்டு, ‘நைத்திரேற்று காற்றாகிப் போகிறது’ என்று எழுதிவிடுங்கள். சொல்லே வேண்டாம்.

தஞ்சாவூர்:
கலைச்சொல் குழுவில் சொல் வேண்டாமா! சரிதான்.

மதுரை:
‘காற்றாக்கம்’? நீருக்குள் காற்றைச் செலுத்தும் காற்றூட்டத்தோடு குழம்பும், ஆனாலும் பரவாயில்லை.

கோவை:
என் வாக்கும் அதற்கே. களைத்துவிட்டேன்.

சுன்னாகம்:
‘நைத்திரேற்றுக் காற்றாக்கம்’ என்று போடுகிறேன். மாணவருக்காகப் பழைய சொல் அடைப்புக்குறிக்குள். கையேட்டில் யூரியாவைப் பல தடவையாகப் பிரித்து இடுவது பற்றிய பக்கம் இன்னும் திருத்தவில்லை, அதையும் பார்த்துத் தாருங்கள்.

தஞ்சாவூர்:
பார்க்கிறேன். வெடியத்தை மட்டும் விடமாட்டேன்.